நயீம் சுலைமானோக்லுவின் உச்சம் சியோலா, அட்லாண்டாவா?

கேள்வி: பளுமேடை

அனைவருக்கும் வணக்கம். பளுதூக்குதலில் மூன்று ஒலிம்பிக் தங்கங்களை முதன்முதலில் வென்றவர் துருக்கியின் நயீம் சுலைமானோக்லு என்பது இங்கு எழுதுகிற பலருக்கும் தெரிந்திருக்கும். 1988 சியோல், 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்ற போட்டிகளின் பதிவுகளை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு விவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு தரப்பினர், சியோலில் அவர் தூக்கிய எடைகளே இந்த விளையாட்டில் ஒரு மனிதர் எட்டிய உச்சம், அதற்குப் பின் நடந்ததெல்லாம் அதன் நீட்சி மட்டுமே என்கிறார்கள். மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. பல்கேரியாவிலிருந்து தப்பி வந்த வீரர் என்ற கதை சேர்ந்துகொண்டதால்தான் சியோல் வெற்றி இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதும், அன்று அவரை நெருங்கக்கூடிய எதிராளி யாருமே மேடையில் இல்லை என்பதும், ஒரு வீரரின் தரம் சமமான எதிராளி முன்னால் நிற்கும்போதுதான் தெரியும் என்பதால் அட்லாண்டாவையே உச்சமாகக் கொள்ள வேண்டும் என்பதும் அவர்களுடைய வாதம். இரண்டிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் நாடு மாறியது எப்படி, அதற்காகத் துருக்கி பல்கேரியாவுக்குப் பணம் கொடுத்தது என்பது உண்மைதானா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். 147 சென்டிமீட்டர் உயரமே இருந்த ஒருவரின் வாழ்க்கையில் இரண்டு நாடுகளின் அரசியல் எப்படி இவ்வளவு கலந்தது என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

பதில்: எடைத்தட்டு

நல்ல கேள்வி. நான் சியோல் தரப்பைச் சேர்ந்தவன். கதையை முற்றிலும் ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்த முடிவுக்குத்தான் வர முடியும் என்பதைக் காட்ட முயல்கிறேன்.

1988 செப்டம்பர் 20 அன்று 60 கிலோ பிரிவில் நயீம் ஆறு முறை மேடையேறினார், ஆறு முறையும் வெற்றிகரமாகத் தூக்கினார். எடையை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டு செல்லும் ஸ்நாட்சில் 145, 150.5, 152.5 கிலோ, முதலில் தோளுக்கும் பின்னர் தலைக்கு மேலும் கொண்டு செல்லும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 175, 188.5, 190 கிலோ. இரண்டு வகையிலும் தூக்கிய மிகச் சிறந்த எடைகளைக் கூட்டியதே மொத்தம்; அது 342.5 கிலோ. ஸ்நாட்சில் இரண்டு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் இரண்டு, மொத்த எடையில் இரண்டு என ஆறு உலக சாதனைகள் ஒரே நாளில் நிகழ்ந்தன. 60 கிலோவுக்கு உட்பட்ட உடலுடன் 190 கிலோவைத் தூக்கினார் என்றால், தம் உடல் எடையின் மூன்று மடங்கைத் தாண்டி மேலும் 10 கிலோ தூக்கினார் என்று பொருள். ஸ்நாட்சில் உடல் எடையின் இரண்டரை மடங்கைத் தாண்டியதும் அன்றுதான்.

எதிராளி இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அன்று வெள்ளி வென்ற பல்கேரியாவின் ஸ்தெஃபான் தோபுரோவ் சாதாரண வீரர் அல்லர். உடல் எடையின் மூன்று மடங்கை கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கிய முதல் மனிதர் அவர். 1983இல் மாஸ்கோவில் 60 கிலோ பிரிவில் 180 கிலோவைத் தூக்கி அதைச் சாதித்தார். அத்தகைய வீரரே சியோலில் 312.5 கிலோவுடன் 30 கிலோ பின்தங்கினார். மூன்றாம் இடம் பெற்ற சீன வீரரின் மொத்தம் 287.5 கிலோ. வலுவான எதிராளி ஒருவர் இருந்தும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்தது என்பதுதான் சரியான வாசிப்பு.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அடுத்த பிரிவான 67.5 கிலோவில், முதலிடம் பிடித்த பல்கேரிய வீரர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தகுதி நீக்கப்பட்ட பின், கிழக்கு ஜெர்மனியின் யோவாகிம் குன்ட்ஸ் 340 கிலோவுடன் தங்கம் பெற்றார். நயீமின் மொத்தம் அதைவிட 2.5 கிலோ அதிகம். தம் பிரிவில் வென்றவர், தமக்கு மேலான பிரிவின் தங்கத்துக்கும் போதுமான எடையைத் தூக்கியிருந்தார் என்பதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

1993இல் எடைப் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டதால் அந்தச் சாதனைகள் ஏட்டில் அப்படியே நின்றுவிட்டன. எனவே பிற்காலத்தவருடன் நேரடியாக ஒப்பிட முடியாது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1998க்குப் பின் வந்த 62 கிலோ பிரிவில், அந்தப் பிரிவு நடைமுறையில் இருந்த இருபது ஆண்டுகளில் எட்டப்பட்ட மிக உயர்ந்த மொத்தம், 2015இல் சீனாவின் சென் லீஜுன் தூக்கிய 333 கிலோ. இரண்டு கிலோ கூடுதலான உடல் எடை, கால் நூற்றாண்டுக்கும் மேலான பயிற்சி வளர்ச்சி, சீனாவின் முழு அமைப்பு, இவ்வளவும் சேர்ந்தும் 342.5ஐ எட்டவில்லை.

பதில்: கிழக்குச்சீமை வாசகன்

எடைத்தட்டு அவர்களின் கணக்குகள் சரியானவை. ஆனால் கதையை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் பார்ப்போம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்கள் எந்த நிலைமையில் தூக்கப்பட்டன என்பதும் அவற்றின் மதிப்பில் சேர்ந்ததே. நாடு மாறியது பற்றிய கேள்விக்கு என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

நயீம் 1967 ஜனவரி 23 அன்று தெற்குப் பல்கேரியாவில், துருக்கியர் அதிகமாக வாழும் கர்ஜாலி பகுதியின் ப்திச்சார் என்ற சிற்றூரில் துருக்கிய இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பல்கேரியாவின் பதிவுகளில் அவர் பெயர் நயீம் சுலைமானோவ். 1983 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஆலன்டவுனில் நடந்த போட்டியில் 16 வயதில் பெரியவர்களுக்கான உலக சாதனையை முறியடித்தபோது உலகம் அவரைக் கவனித்தது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அணி நாடுகள் புறக்கணித்ததால் பல்கேரியாவும் செல்லவில்லை. அங்கே 56 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சீன வீரரின் மொத்தம் 267.5 கிலோ, அதே காலத்தில் நயீம் அதைவிடச் சுமார் 30 கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு தங்கம் அரசியலால் போயிற்று என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதைவிடக் கொடிய ஒன்று அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கியது. தோதோர் ஷிவ்கோவின் அரசு, பல்கேரியாவில் துருக்கியர் என்று எவரும் இல்லை, அவர்கள் மதம் மாற்றப்பட்ட பல்கேரியரே என்று அறிவித்து, அந்தச் சிறுபான்மையினர் அனைவரின் பெயர்களையும் பல்கேரியப் பெயர்களாக மாற்றும் நடவடிக்கையில் இறங்கியது. படையினர் ஊர்களைச் சூழ்ந்துகொள்ள, பல லட்சம் பேரின் அடையாள அட்டைகள் மாற்றப்பட்டன. பொது இடங்களில் துருக்கி மொழி பேசுவதும் தடை செய்யப்பட்டது. எதிர்த்தவர்கள் சிறைக்குச் சென்றார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. உலகப் புகழ் பெற்ற வீரர் என்பதற்காக நயீமுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. அவர் நாவும் ஷலமானோவ் ஆக்கப்பட்டார். 1985இல் சுவீடனிலும் 1986இல் சோஃபியாவிலும் அவர் வென்ற உலகப் பட்டங்கள் அந்தத் திணிக்கப்பட்ட பெயரில்தான் அறிவிக்கப்பட்டன. தம் பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லித் தம்மை மேடைக்கு அழைக்காத நாட்டுக்காக ஒரு மனிதர் உலக சாதனை படைத்துக்கொண்டிருந்த கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

1986 டிசம்பரில் உலகக் கோப்பைப் போட்டிக்காக அணி மெல்போர்ன் சென்றது. போட்டி முடிந்தபின் நடந்த விருந்தின்போது அவர் அணியிடமிருந்து விலகி, அந்நகரில் வாழ்ந்த துருக்கியரின் பாதுகாப்பில் சில நாட்கள் மறைந்திருந்து, பின்னர் துருக்கியின் அதிகாரிகளை அணுகிப் புகலிடம் கேட்டார். அன்றைய துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசால் இதில் நேரடியாக ஈடுபட்டார். லண்டன் வரை வந்த நயீமை அங்காராவுக்கு அழைத்து வரத் தம் விமானத்தையே அனுப்பினார். அதன் பிறகே நயீம், தம் குடும்பப் பெயரைத் துருக்கிய மரபின்படி சுலைமானோக்லு என்று அமைத்துக்கொண்டார். அவருடைய பெற்றோரும் சகோதரர்களும் அப்போது பல்கேரியாவிலேயே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு என்ன நேரும் என்று தெரியாமல் எடுத்த முடிவு அது.

பணம் பற்றிய செய்தி உண்மைதான். நாடு மாறிய வீரர் புதிய நாட்டுக்காக ஒலிம்பிக்கில் பங்கேற்க, பழைய நாடு ஒப்புதல் அளிக்க வேண்டும், இல்லையேல் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பல்கேரியா ஒப்புதல் தராமலிருந்தால் நயீம் சியோலையும் இழந்திருப்பார். துருக்கி பத்து லட்சம் டாலருக்கும் அதிகமான தொகையைப் பல்கேரியாவுக்குச் செலுத்தி அந்த ஒப்புதலைப் பெற்றதாக அக்காலச் செய்திகள் கூறின. பெயரைப் பறித்த அரசே அந்த மனிதரின் விடுதலைக்கு விலையும் பெற்றுக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

இதன் பிறகுதான் சியோல். ஒலிம்பிக்கில் துருக்கிக்கு 1968க்குப் பின் கிடைத்த முதல் தங்கம் அது. மல்யுத்தம் அல்லாத ஒரு விளையாட்டில் அந்நாடு வென்ற முதல் தங்கமும் அதுதான். ஒரு நாட்டின் இருபது ஆண்டு காத்திருப்பும், பல்கேரியாவில் பெயரிழந்து வாழ்ந்த பல லட்சம் பேரின் எதிர்பார்ப்பும் தோளில் இருக்க, 21 வயதில் ஒருவர் ஆறு முயற்சிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அந்த மேடையில் தோபுரோவ் என்ற பழைய அணித் தோழரும் இருந்தார். ஆகவே கதையால் வெற்றி பெரிதாக்கப்பட்டது என்பதை மாற்றி, அந்த நிலைமையே வெற்றியை மேலும் கடினமாக்கியது என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு, 1989 கோடையில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியர் பல்கேரியாவை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஷிவ்கோவ் பதவி இழந்தார். இதற்கெல்லாம் ஒரு பளுதூக்கும் வீரர் காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அங்கு நடந்த பெயர் மாற்றக் கொடுமையை உலகச் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்கள் வரை கொண்டு சென்றவர் அவர்தான்.

பதில்: மூன்றாம் முயற்சி

இளம் வீரர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் நான் அட்லாண்டா தரப்பில் நிற்கிறேன். சியோலின் எண்களை மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உச்சம் என்பது அதிகபட்ச எடை மட்டுமா என்பதுதான் நான் கேட்க விரும்புவது.

சியோலில் நயீம் முதல் கிளீன் அண்ட் ஜெர்க்காக 175 கிலோவைத் தூக்கியதும் அவர் மொத்தம் 327.5 ஆகிவிட்டது. தோபுரோவின் இறுதி மொத்தத்தைவிட அது 15 கிலோ அதிகம். அதாவது, அதற்குப் பின் வந்த 188.5, 190 ஆகிய இரண்டும் தங்கத்துக்காகத் தூக்கப்பட்டவை அல்ல. அவை தமக்காகத் தூக்கியவை. அவற்றின் பெருமையை நான் குறைக்கவில்லை, ஆனால் தவறினாலும் தங்கம் போகாது என்று தெரிந்த நிலையில் தூக்குவதற்கும், தவறினால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு மேடையேறியவர்களுக்குத் தெரியும்.

1996 ஜூலை 22 அன்று அட்லாண்டாவில் 64 கிலோ பிரிவு நடந்தது. நயீமுக்கு அப்போது 29 வயது. இடையில் ஒருமுறை ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தவர். எதிரே கிரீசின் வலேரியோஸ் லியோனிடிஸ். ஸ்நாட்சில் நயீம் 147.5, லியோனிடிஸ் 145. இடைவெளி இரண்டரை கிலோ மட்டுமே. அரங்கின் ஒரு பகுதியில் துருக்கிக் கொடிகள், மற்றொரு பகுதியில் கிரேக்கக் கொடிகள்.

கிளீன் அண்ட் ஜெர்க்கின் இறுதிக் கட்டத்தில் நயீம் 185 கிலோவைத் தூக்கி உலக சாதனை படைத்தார். உடனே லியோனிடிஸ் 187.5 கிலோவைத் தூக்கி அதை முறியடித்தார். இப்போது கணக்கைப் பாருங்கள்: 147.5உடன் 185 சேர்த்தால் 332.5, 145உடன் 187.5 சேர்த்தாலும் 332.5. இருவரும் சமம். சமநிலையில் உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி என்பது அக்கால விதி. நயீமுக்கு ஒரே ஒரு முயற்சி மீதம் இருந்தது. எதிராளி சற்று முன் உலக சாதனையாகத் தூக்கிய அதே 187.5 கிலோவை அவர் தம் கடைசி முயற்சியில் தூக்கினார். மொத்தம் 335. லியோனிடிஸ் விட்டுவிடவில்லை; 190 கிலோவைக் கேட்டார். அதைத் தூக்கியிருந்தால் மொத்தம் மீண்டும் சமமாகி, உடல் எடைதான் தங்கத்தை முடிவு செய்திருக்கும். அந்த முயற்சி கைகூடவில்லை. பளுதூக்குதல் வரலாற்றின் மிகச் சிறந்த போட்டியைச் சற்று முன் கண்டீர்கள் என்று அரங்கில் அறிவிப்பாளர் சொன்னது புகழ்பெற்றது. நான் பார்த்தவரையில் அதில் மிகை ஏதும் இல்லை.

என் மாணவர்களுக்கு இந்தப் போட்டியைத்தான் போட்டுக் காட்டுகிறேன். எதிராளி தம் சாதனையை முறியடித்த சில நிமிடங்களுக்குள் அதே எடையின்முன் சென்று நின்று, கால்களை வழக்கமான இடத்தில் வைத்து, அவசரப்படாமல் தண்டைப் பிடிப்பதற்கு வேறுவகையான வலிமை வேண்டும். இருபது வயதுக்குரிய உடல் வலிமை அல்ல அது. பல்கேரியாவில் இவான் அபஜியேவ் வகுத்த முறையில், நாள்தோறும் சில பயிற்சிகளை மட்டும் திரும்பத் திரும்ப அதிகபட்ச எடைவரை செய்து வளர்ந்தவர் நயீம். பெரும் எடையைப் பார்த்து அஞ்சாமலிருக்கும் பழக்கம் அங்கேயே வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் அந்த முறை பலருடைய உடலை உடைத்தது என்பதையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்கிறேன். அதை அப்படியே பின்பற்ற யாரையும் நான் அனுமதிப்பதில்லை.

கிழக்குச்சீமை வாசகன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் போட்டியைத் துருக்கிக்கும் கிரீசுக்கும் இடையிலான பழைய பகையின் தொடர்ச்சியாகப் பலர் எழுதினார்கள். ஆனால் துருக்கிக்காகத் தூக்கியவர் பல்கேரியாவில் பிறந்தவர். கிரீசுக்காகத் தூக்கிய லியோனிடிஸ் சோவியத் நாட்டில், தென் ரஷ்யாவின் எசென்துக்கியில் பிறந்தவர். 2004 வரை மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பளுதூக்கும் வீரர்கள் நால்வர்: நயீம், அல்பேனியாவில் பிறந்து கிரீசுக்கு வந்த பிரோஸ் திமாஸ், ஜார்ஜியாவில் பிறந்து கிரீசுக்கு வந்த அகாகி ககியாஷ்விலி, நயீமைப் போலவே பல்கேரியாவில் பிறந்து துருக்கிக்கு வந்த ஹலில் முத்லு. நால்வருமே எல்லை கடந்து வந்தவர்கள். இவர்களைக் கொடிகளின் பிரதிநிதிகளாக மட்டும் பார்ப்பது எவ்வளவு குறுகலானது என்பதற்கு இதுவே போதும். நயீம் 2017 நவம்பர் 18 அன்று, கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களால் இஸ்தான்புலில் 50 வயதில் மறைந்தபோது, லியோனிடிஸ் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்.

தொடர் கேள்வி: பளுமேடை

மூவருக்கும் நன்றி. பெயர் மாற்ற நடவடிக்கை இவ்வளவு பரவலாக நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்த பின் சியோல் பதிவை மறுபடியும் பார்த்தேன். வெற்றி மேடையில் அறிவிக்கப்பட்ட பெயருக்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சியோலில் பல்கேரிய வீரர்கள் ஊக்கமருந்தில் சிக்கினார்கள் என்று எடைத்தட்டு குறிப்பிட்டார். அதே அமைப்பில் வளர்ந்த நயீம்மீது அந்த நிழல் விழாதா என்று எங்கள் கூடத்தில் ஒருவர் கேட்டார். மற்றொன்று, 2000 சிட்னியில் அவர் மறுபடியும் வந்து தோற்றது அவருடைய தரத்தைக் குறைக்கிறதா?

பதில்: எடைத்தட்டு

முதல் கேள்வியை நேர்மையாகவே எதிர்கொள்ள வேண்டும். சியோலில் 56, 67.5 கிலோ பிரிவுகளில் தங்கம் வென்ற இரு பல்கேரியர் சிறுநீர்ப் பெருக்கி மருந்துக்காகத் தகுதி நீக்கப்பட்டனர். அதையடுத்து அந்த அணி போட்டியிலிருந்தே விலகியது. அந்தக் காலத்துப் பளுதூக்குதல் முழுவதையும் தூய்மையானது என்று சொல்ல நான் துணிய மாட்டேன். 1993இல் எடைப் பிரிவுகளை மாற்றிச் சாதனைப் பட்டியலைப் புதிதாகத் தொடங்கியதற்கு அந்தக் காலத்தின்மீது இருந்த ஐயமும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. ஆனால் நயீமைப் பொறுத்தவரை, அவர் வேறு நாட்டுக்காக அதே சியோலில் சோதிக்கப்பட்டார், தகுதி நீக்கப்படவில்லை. மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. சோதனைகள் கடுமையாக்கப்பட்ட 1990களிலும் அவர் தொடர்ந்து வென்றார் என்பதையும் கருத வேண்டும். ஓர் அமைப்பின் குற்றத்தைச் சான்றில்லாமல் ஒரு தனி மனிதர்மீது ஏற்றுவது முறையன்று.

அந்த 1990களைப் பற்றி இங்கு யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989 உலகப் பட்டத்துக்குப் பின் விலகியிருந்தவர், 1991இல் திரும்பி வந்து உடனே உலகப் பட்டம் வென்றார். பார்சிலோனாவில் 142.5, 177.5, மொத்தம் 320 கிலோ. இரண்டாமிடம் வந்த பல்கேரியாவின் நிக்கொலாய் பெஷாலோவைவிட 15 கிலோ அதிகம். தம் சியோல் அளவுக்கு 22.5 கிலோ குறைவாகத் தூக்கியும் அவ்வளவு எளிதாக வென்றார். பின்னர் 64 கிலோ பிரிவில் 1993 மெல்போர்ன், 1994 இஸ்தான்புல், 1995 குவாங்சோ என மூன்று உலகப் பட்டங்கள். நம் கர்ணம் மல்லேஸ்வரி உலகப் பட்டம் வென்றதும் இஸ்தான்புல், குவாங்சோ ஆகிய இதே இரண்டு போட்டிகளில்தான். தாம் தப்பி ஓடிய அதே மெல்போர்னுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து நயீம் உலக வெற்றியாளராகச் சென்றதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

மூன்றாம் முயற்சி அவர்களுக்கு ஒரு சொல். அட்லாண்டாவின் போராட்டத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அங்கே அவர் தூக்கிய மொத்தம் 335. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு கிலோ குறைவான பிரிவில் தூக்கியதைவிட 7.5 கிலோ குறைவு. சியோல் காலத்து நயீம் அட்லாண்டாவுக்கு வந்திருந்தால் அங்கே போராட்டமே இருந்திருக்காது. எதிராளி நெருங்கி வந்ததால் ஒரு போட்டி சிறந்ததாகிறது என்பதை ஏற்கிறேன். அதனாலேயே அது வீரரின் உச்சமாகிவிடாது.

பதில்: மூன்றாம் முயற்சி

எடைத்தட்டு அவர்களின் கடைசி வாதம் வலுவானது. ஆனாலும் என் நிலையில் மாற்றமில்லை. உடலின் உச்சம் சியோல் என்றால் மறுக்க மாட்டேன். போட்டி வீரராக அவருடைய உச்சம் அட்லாண்டாதான். இளமையின் வலிமை குறைந்த பின்பு, அந்தக் குறைவை அறிந்துகொண்டே ஒருவர் வெல்வது என் கணக்கில் மேலானது.

சிட்னி பற்றி: அட்லாண்டாவுக்குப் பின் விலகியிருந்தவர், நான்காவது தங்கத்துக்காக 33 வயதில் 62 கிலோ பிரிவுக்குத் திரும்பினார். ஸ்நாட்சின் மூன்று முயற்சிகளும் தவறிப்போக, கிளீன் அண்ட் ஜெர்க்குக்குச் செல்லாமலே போட்டியிலிருந்து வெளியேற நேர்ந்தது. பார்சிலோனாவில் அவரிடம் தோற்ற அதே பெஷாலோவ், இப்போது குரோஷியாவுக்காக, அன்று தங்கம் வென்றார். இது நயீமின் தரத்தைக் குறைக்கிறதா என்றால், சிறிதும் இல்லை என்பேன். எளிய எடையில் தொடங்கி ஒரு மொத்தத்தைப் பதிவு செய்துவிட்டு, மரியாதையான ஓர் இடத்துடன் திரும்பியிருக்க முடியும்; அவர் தங்கத்துக்குரிய எடையிலேயே தொடங்கினார். தங்கம் இல்லையென்றால் வேறு இடம் தேவையில்லை என்ற கணக்கு அது. பயிற்சியாளராக அந்தத் தொடக்க எடையை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். எனினும் பதினாறு வயதிலிருந்து உலக சாதனைகளையே இலக்காகக் கொண்டு தூக்கியவர் கடைசி முறையும் அப்படியே தூக்க முயன்றதில் எனக்கு வருத்தம் உண்டே தவிர, குறை காண எதுவும் இல்லை.

பளுமேடை அவர்களே, உங்கள் கூடத்தினர் மறுபடியும் விவாதிக்கும்போது பார்சிலோனாப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். சியோலுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையில் அவர் தம் வலிமையை எங்கே இழந்தார், எதைக்கொண்டு அதை ஈடுசெய்தார் என்பது, ஸ்நாட்சில் அவர் கேட்ட எடைகளையும் முயற்சிகளுக்கு இடையே விட்ட இடைவெளியையும் ஒப்பிட்டால் நன்றாகப் புலப்படும்.